பணயம் – 9: ஒரு தகப்பன் தட்டிய கதவு

கேசட் கைமாறிவிட்டது. கார் கிளம்பிவிட்டது. சென்ற வாரம் அந்த இடத்தில்தான் நிறுத்தியிருந்தோம்.

2000 ஜூலை 30, ஞாயிற்றுக்கிழமை இரவு. ஈரோடு மாவட்டத்தின் வடகோடியில், தாளவாடியை ஒட்டிய தொட்டகாஜனூர். தன் சொந்த மண்ணில் புதிதாகக் கட்டிய வீட்டுக்கு வந்திருந்தார் கன்னட நடிகர் ராஜ்குமார். அப்போது அவருக்கு வயது 71. துப்பாக்கிகளோடு வீட்டுக்குள் நுழைந்த சந்தனக் கடத்தல்காரன் வீரப்பன், அவரையும் அவருடைய மருமகன் உள்ளிட்ட மூவரையும் இருட்டுக்குள் நடத்திக்கொண்டு போனான். போகும்போது ராஜ்குமாரின் மனைவி பார்வதம்மாள் கையில் ஒரு கேசட்டைக் கொடுத்தான். அது கர்நாடக முதல்வர் எஸ்.எம்.கிருஷ்ணாவிடம் போய்ச் சேர வேண்டும் என்பது கட்டளை.

புருஷனைக் காட்டுக்குள் பறிகொடுத்த அந்த அம்மாள், அழுவதற்குக்கூட நேரம் எடுத்துக்கொள்ளாமல் இரவோடு இரவாகப் பெங்களூர் போய்ச் சேர்ந்தார். மலைப்பாதையில் அந்தக் காருக்குள் என்ன பேச்சு நடந்திருக்கும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். ஒருவேளை பேச்சே நடந்திருக்காது.

திங்கட்கிழமை விடிந்தபோது பெங்களூர் திறக்கவில்லை. கடைகளுக்குப் பூட்டு. பள்ளிகளுக்கு விடுமுறை. பேருந்துகள் மீது கல். தமிழ்ப் படம் ஓடிய தியேட்டர்கள் இருண்டன. எல்லையில் தமிழகப் பேருந்துகள் நின்றன. அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் சிவாஜி நகரிலும் இருந்த தமிழ்க் குடும்பங்கள் கதவைச் சாத்திக்கொண்டன. அவர்களுக்கு 1991 டிசம்பர் மறந்திருக்கவில்லை. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணையைத் தொடர்ந்து வெடித்த கலவரத்தில் வீடும் பிழைப்பும் இழந்து, கையில் கிடைத்த மூட்டையோடு தமிழகத்துக்கு ஓடிவந்தவர்கள் ஏராளம். அவர்களில் திரும்பிப் போனவர்கள்தான் இப்போது கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

இந்த வழக்கைப் புரிந்துகொள்ள இதுதான் திறவுகோல். காட்டுக்குள் நான்கு பேர் பணயம். பெங்களூரில் லட்சக்கணக்கானவர்கள் பணயம். ராஜ்குமாரின் தலையில் ஒரு முடி உதிர்ந்தாலும் அதன் விலையைக் கட்டப்போகிறவர் அல்சூரில் இட்லிக்கடை வைத்திருப்பவர். வீரப்பனுக்கு இது தெரிந்தே இருந்தது.

இதை மிகை என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். 2006 ஏப்ரல் 12 அன்று ராஜ்குமார் தம் வீட்டில், முதுமையில், இயற்கையாகத்தான் இறந்தார். அதற்கே பெங்களூர் எரிந்தது. ஒரு போலீஸ்காரர் உட்படப் பலர் செத்தார்கள். காட்டில் குண்டடிபட்டு இறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஜூலை 31ஆம் தேதியே கிருஷ்ணா சென்னைக்கு விமானம் ஏறினார். முதல்வர் கருணாநிதியோடு உட்கார்ந்தார். அதிரடிப்படையை அனுப்புவதா, ஆள் அனுப்பிப் பேசுவதா? அந்த அறையில் இரண்டாவது வழிக்குத்தான் ஓட்டு விழுந்தது. தூதுவராக ‘நக்கீரன்’ ஆசிரியர் கோபாலை இரு அரசுகளும் தேர்ந்தெடுத்தன. 1997இல் கர்நாடக வனத்துறை ஊழியர்களை வீரப்பன் கடத்தியபோதும் அவர்தான் தூது போனார். காட்டுப்பாதை தெரிந்தவர். அவர் வந்தால் வீரப்பன் சுடமாட்டான் என்ற உத்தரவாதம் இருந்தது. ஒரு நாட்டின் இரண்டு மாநில அரசுகளுக்கு, தங்கள் எல்லைக்குள் இருக்கும் காட்டுக்குள் நுழைய ஒரு பத்திரிகையாளரின் முகம் தேவைப்பட்டது. பத்து வருடத்துக்கும் மேலாகப் பிடிபடாத ஒருவன் அரசை எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருந்தான் பாருங்கள்.

காட்டிலிருந்து வந்த கேசட்டைப் போட்டுக் கேட்டவர்கள் அதிர்ந்தார்கள். அவர்கள் எதிர்பார்த்தது பணம், பொது மன்னிப்பு. கேட்டதோ வேறு.

* * *

காவிரியில் 205 டி.எம்.சி. தண்ணீரைத் திறந்துவிட வேண்டும். 1991 கலவரத்தில் பாதிக்கப்பட்ட தமிழர்களுக்கு இழப்பீடு வேண்டும். கர்நாடகத்தில் தமிழும் நிர்வாக மொழியாக வேண்டும். பெங்களூரில் 1991லிருந்து மூடிக் கிடக்கும் திருவள்ளுவர் சிலையைத் திறக்க வேண்டும். நீலகிரியில் பச்சைத் தேயிலைக்கு நியாய விலை. மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்குக் கூலி உயர்வு. அதிரடிப்படையின் கொடுமைகளை விசாரிக்க மனித உரிமை ஆணையம் அமைத்த சதாசிவா குழுவின் வேலை தடையில்லாமல் நடக்க வேண்டும்.

இந்தப் பட்டியலைப் படித்த எந்தத் தமிழனுக்கும் ஒரு கணம் நெஞ்சு தடுமாறியிருக்கும். ஏனென்றால் இவற்றில் பல நியாயமான கோரிக்கைகள். சந்தனக் கட்டையும் யானைத் தந்தமும் கடத்தியவன் வாயிலிருந்து ஏன் இவை வந்தன? தமிழ்த் தேசிய ஆயுதக் குழுக்களைச் சேர்ந்த சிலர் அப்போது அவனோடு காட்டில் இருந்தார்கள். பட்டியலில் அவர்களின் கை தெரிந்தது. ஆனால் நியாயமான கோரிக்கை, 71 வயதுக் கிழவரின் கழுத்தில் கத்தி வைத்துக் கேட்கப்படும்போது, அந்தக் கோரிக்கைக்கே அது துரோகம். மாஞ்சோலைத் தொழிலாளியின் கூலிப் போராட்டத்தில் 1999 ஜூலையில் தாமிரபரணிக் கரையில் 17 உயிர்கள் போயிருந்தன. அந்தப் போராட்டம் வீரப்பனின் கேசட்டில் ஒரு வரியாகச் சுருங்கியது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

விதி செய்த விளையாட்டு ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். கன்னடத்தின் அடையாளமாக நின்ற ராஜ்குமாரின் சொந்த ஊர் தமிழ்நாட்டில். தமிழருக்காகக் கேட்பதாகச் சொன்ன வீரப்பன் பிறந்த கோபிநத்தம் கர்நாடகத்தில். எல்லைக்கோடு இருவரையும் மாற்றி வைத்திருந்தது.

இரு முதல்வர்களும் ஒன்று செய்தார்கள். அதை நான் பாராட்டுகிறேன். கோரிக்கைகளையும், ஒவ்வொன்றுக்கும் அரசு சொல்லும் பதிலையும் வெளிப்படையாக அறிவித்தார்கள். காவிரிக்கு நடுவர் மன்றமும் கண்காணிப்புக் குழுவும் இருக்கின்றன என்றார்கள். சிலையைப் பேசித் திறப்போம் என்றார்கள். இழப்பீட்டு வேலை நடக்கிறது என்றார்கள். பேச்சுவார்த்தையின் இந்தப் பாதி, பத்திரிகை படிக்கிற எல்லாருக்கும் தெரிந்தே நடந்தது.

ஆனால் பட்டியலில் இரண்டு வரிகளை நான் இன்னும் சொல்லவில்லை. பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான தடாவின் கீழ் மைசூர் சிறையில் இருக்கும் கைதிகள் 51 பேரை விட வேண்டும். தமிழகச் சிறைகளில் இருக்கும் ஐந்து பேரையும் விட வேண்டும்.

மற்றவற்றுக்குப் பதில் சொன்னால் போதும். இதற்குச் சாவி வேண்டும். அந்தச் சாவி நீதிமன்றத்தில் இருந்தது.

* * *

யார் இந்த 51 பேர்? 1993 ஏப்ரல் 9 அன்று பாலாறு அருகே வீரப்பன் வைத்த கண்ணிவெடியில் 22 பேர் சிதறினார்கள். அதற்கு முன்னும் பின்னும் நடந்த தாக்குதல்களில் தொடரப்பட்ட வழக்குகளில், எல்லைக் கிராமங்களிலிருந்து ஆணும் பெண்ணுமாக அள்ளிக்கொண்டு போனவர்கள் இவர்கள். வீரப்பனுக்கு அரிசி கொடுத்தவர், கொடுத்ததாகச் சொல்லப்பட்டவர், எதுவுமே தெரியாதவர் எல்லாரும் ஒரே கூண்டில். ஏழெட்டு வருடமாகச் சிறை. ஜாமீன் கிடையாது. தடா சட்டமே 1995இல் காலாவதியாகிவிட்டது. அதில் பிடிபட்டவர்கள் உள்ளேயே இருந்தார்கள்.

இவர்களை விடுவிப்பதற்கு நேர்வழி ஒன்று இருந்தது. வழக்கை விரைந்து நடத்தி, குற்றமற்றவர்களை நீதிமன்றமே அனுப்பிவைத்திருக்கலாம். அந்த வழியில் எட்டு வருடமாக யாரும் நடக்கவில்லை. ராஜ்குமார் காட்டுக்குப் போன மூன்றே வாரத்தில் கர்நாடக அரசுத் தரப்பு வழக்கறிஞர் மைசூர் தடா நீதிமன்றத்தில் மனுப் போட்டார். தடா பிரிவின் கீழான குற்றச்சாட்டுகளைக் கைவிட அனுமதி கேட்டார். அனுமதியும் கிடைத்தது. தடா போய்விட்டால் ஜாமீன் எளிது. ஜாமீன் கிடைத்தால் சிறைக்கதவு திறக்கும். கதவு திறந்தால் காட்டுக்குள்ளிருந்து ராஜ்குமார் வருவார்.

நீதிமன்றத்துக்குள் நடப்பது சட்டப்படியான மனு மாதிரியே இருந்தது. அதன் பின்னால் இருந்தது காட்டில் முடிவான பேரம். ரகசியப் பேரத்தின் ஆபத்து எனக்கு இங்கேதான் தெரிகிறது. இருட்டில் சந்தித்துப் பேசுவதால் மட்டும் ஒன்றும் கெட்டுவிடாது. பேசி முடித்ததை நிறைவேற்றச் சட்டத்தின் உடையை மாட்டிவிடும்போது, அந்த உடையை நம்பியிருக்கும் எல்லாரும் ஏமாற்றப்படுகிறார்கள்.

அப்படி நம்பியிருந்தவர்களில் ஒருவர், மைசூரில் போட்ட மனுவைப் பற்றிக் கேள்விப்பட்டார். ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி. அவர் மகன் ஷகீல் அகமது கர்நாடகப் போலீஸில் சப்-இன்ஸ்பெக்டர். 1992 ஆகஸ்ட் 14 அன்று, வீரப்பன் விரித்த வலையில் எஸ்.பி. ஹரிகிருஷ்ணாவோடு சேர்ந்து சுட்டுக் கொல்லப்பட்டவர். அந்த வழக்கும் கைவிடப்படும் தடா வழக்குகளில் அடக்கம்.

மகன் செத்து எட்டு வருடம். அந்தத் தகப்பனிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பேரத்தில் விலையாக வைக்கப்பட்டது அவர் வீட்டுத் துக்கம்.

அவர் டெல்லிக்குப் போனார்.

* * *

அப்துல் கரீம் எதிர் கர்நாடக அரசு. உச்ச நீதிமன்றப் பதிவில் அந்தத் தகப்பன் போட்ட வழக்கின் பெயர் இது. தடா கைதிகள் வெளியே வரப்போகும் நேரத்தில், அதை நிறுத்தி வைத்தது உச்ச நீதிமன்றம். வெண்ணெய் திரண்டுவரும்போது தாழி உடைந்ததாக இரு அரசுகளும் பதறின. ராஜ்குமார் உயிருக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்ற கேள்வி பெங்களூர்த் தெருக்களில் கோபமாகவே எழுந்தது. மகனை இழந்த கிழவர் ஒருவர், ஊரே கும்பிடும் நடிகரின் விடுதலைக்குக் குறுக்கே நிற்கிறார் என்று பேசியவர்களும் உண்டு. அந்த நாட்களில் அவர் பின்வாங்காமல் நின்றதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

செப்டம்பர் போயிற்று. அந்த மாதக் கடைசியில், பிடிபட்ட நால்வரில் உதவி இயக்குநராக இருந்தவர் வீரப்பனைத் தாக்கிவிட்டு இருட்டில் தப்பி ஓடிவந்தார். மிச்சமிருந்தவர்களைச் சுட்டுவிடுவானோ என்று இரு மாநிலமும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தன. சுடவில்லை. அக்டோபரில் தமிழ்த் தேசியத் தலைவர் பழ.நெடுமாறனும், மனித உரிமை ஆர்வலர்களான பேராசிரியர் கல்யாணியும் சுகுமாரனும் கோபாலோடு தூதுவர்களாகக் காட்டுக்குப் போனார்கள். மருமகன் விடுவிக்கப்பட்டார். ராஜ்குமார் வரவில்லை.

நவம்பர் 7. நீதிபதிகள் பரூச்சா, மொகபத்ரா, சபர்வால் அமர்வு தீர்ப்புச் சொன்னது.

வழக்கைக் கைவிட அரசு விரும்பலாம். ஆனால் அரசு வழக்கறிஞர் அதை அப்படியே வாங்கி நீதிமன்றத்தில் நீட்டும் தபால்காரர் அல்ல, தன் மூளையைச் செலுத்தி, சமூகத்துக்கு நன்மையா என்று பார்த்துத்தான் மனுப் போட வேண்டும் என்றது. அப்படி அவர் பார்த்ததற்கு அடையாளமே இல்லை என்றது. இவர்களை விட்டால் வீரப்பன் கும்பல் பலப்படுமா என்று இரு அரசுகளும் யோசித்ததாகவும் தெரியவில்லை என்றது. ராஜ்குமாருக்கு ஆபத்து இருக்கிறது என்ற தகவல் முன்பே இருந்தும் காப்பாற்றாமல் விட்டதைச் சுட்டிக்காட்டியது. மக்கள் தேர்ந்தெடுத்த அரசே சட்டத்தை மீறுவதாகத் தோன்றினால் குடிமக்களுக்குச் சட்டத்தின் மேல் என்ன மதிப்பு இருக்கும் என்ற கவலை தீர்ப்பு முழுக்க ஓடியது. தடாவைக் கைவிட்ட உத்தரவுகள் ரத்தாயின.

51 பேரும் உள்ளேயே. சாவி போய்விட்டது. காட்டுக்குள் அவன் வானொலி கேட்டுக்கொண்டிருப்பான் என்று எல்லாருக்கும் தெரியும். தீர்ப்பு அவன் காதுக்குப் போயிருக்கும். இனி என்ன செய்வான்?

* * *

எட்டே நாள். நவம்பர் 15 அன்று ராஜ்குமார் காட்டைவிட்டு வெளியே வந்தார். 108 நாள் முடிந்தது. நெடுமாறன் குழு அழைத்துவந்தது. பெங்களூரில் பட்டாசு வெடித்தது. அல்சூரில் கதவுகள் திறந்தன. அந்த நிம்மதி உண்மையானது. அதை யாரும் குறைத்துப் பேச வேண்டாம், நானும் பேசமாட்டேன்.

ஆனால் சரித்திரம் எழுதுகிறவன் ஒரு கேள்வியைக் கேட்டே தீர வேண்டும். காவிரித் தண்ணீர் கூடவில்லை. தமிழ் நிர்வாக மொழி ஆகவில்லை. வள்ளுவர் சிலை மூடியேதான் இருந்தது. அது திறக்கப்பட்டது 2009 ஆகஸ்ட் 9 அன்று, இரு முதல்வர்கள் முறையாகப் பேசியபின். தடா கைதி ஒருவரும் வெளியே வரவில்லை. அப்படியானால் வீரப்பன் எதற்காக விட்டான்?

மனிதாபிமானம் என்றார்கள் தூதுவர்கள். கிழவரின் உடல்நிலை மோசமானது என்றும் ஒரு பேச்சு. ஒரு பைசாகூடக் கொடுக்கவில்லை என்றன இரு அரசுகளும். கடத்தல் நடந்தபோது கர்நாடகப் போலீஸ் தலைவராக இருந்த சி.தினகர், ஓய்வுபெற்ற பின் எழுதிய புத்தகத்தில், கோடிகள் கைமாறின என்று குற்றம் சாட்டினார். சம்பந்தப்பட்டவர்கள் மறுத்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. சத்தியமங்கலத்திலிருந்து சாம்ராஜ்நகர் வரை டீக்கடைக்கு ஒரு தொகை சொன்னார்கள்.

பணம் போனதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. நான் சொல்வது வேறு. ஒரு மாநிலத்தின் போலீஸ் தலைவரே ஒன்று சொல்கிறார், அந்த மாநில அரசு மற்றொன்று சொல்கிறது, குடிமகனுக்கு எது உண்மை என்று தெரிந்துகொள்ள வழியில்லை என்ற நிலைமை எங்கிருந்து வந்தது? பேரம் நடக்கும்போது ரகசியம் தேவை; ஒப்புக்கொள்கிறேன். கழுத்தில் கத்தி இருக்கும்போது மேடை போட்டுப் பேச முடியாது. ஆனால் ஆள் வீடு வந்து சேர்ந்த மறுநாள் அந்த ரகசியத்துக்கு வேலை முடிந்துவிடுகிறது. என்ன கேட்டான், என்ன கொடுத்தோம், யார் கையால் கொடுத்தோம் என்ற கணக்கு அன்றைக்குச் சட்டமன்றத்தின் மேஜைக்கு வர வேண்டும். கொடுத்தது எதுவும் இல்லையென்றால் அதையும் ஆதாரத்தோடு சொல்லலாம். ஷகீல் அகமதுவின் தகப்பன் போன்றவர்கள் டெல்லிவரை போய்த்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால், அந்த ரகசியம் வீரப்பனிடமிருந்து காக்கப்பட்ட ரகசியம் அல்ல. நம்மிடமிருந்து காக்கப்பட்டது.

முந்தைய வாரங்களில் பார்த்தோம். 1989இல் கடத்தப்பட்ட மத்திய உள்துறை அமைச்சரின் மகளுக்காக ஸ்ரீநகரில் ஐந்து தீவிரவாதிகள் விடப்பட்டார்கள். 1999 டிசம்பரில் கடத்தப்பட்டு கந்தகாரில் நின்ற விமானத்துக்காக மூன்று பேர். அந்த இரண்டிலும் விலை என்ன என்பது நாட்டுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் இன்றுவரை அது சரியா தவறா என்று சண்டை போட முடிகிறது. 108 நாள் விஷயத்தில் சண்டை போடக்கூடக் கணக்கு கையில் இல்லை.

அந்த 51 பேர் என்ன ஆனார்கள் என்று கேட்பீர்கள். 2001இல் மைசூர் தடா நீதிமன்றம் வழக்கை விசாரித்து முடித்தது. குற்றம் சாட்டப்பட்டவர்களில் பெரும்பாலோர் விடுதலையானார்கள். ராஜ்குமாரைப் பணயம் வைத்தும் கிடைக்காத விடுதலை, விசாரணை நடந்து முடிந்ததும் கிடைத்தது. அதை எட்டு வருடம் முன்பே நடத்தியிருந்தால் வீரப்பனின் கேசட்டில் அந்த வரியே இருந்திருக்காது.

காட்டில் ஒருவன் மட்டும் எல்லாக் கணக்கும் தெரிந்து உட்கார்ந்திருந்தான். பெரிய மனிதனைத் தூக்கினால் இரண்டு அரசுகள் இறங்கிவரும், நாடே பெயர் சொல்லும், அதிரடிப்படை மாதக்கணக்கில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் என்பது அவனுக்குக் கிடைத்த பாடம். அவன் அடுத்த பெயரைத் தேட ஆரம்பித்தான்.

2002 ஆகஸ்ட் 25 இரவு. சாம்ராஜ்நகர் மாவட்டம், காமகெரே கிராமம். கர்நாடக முன்னாள் அமைச்சர் எச்.நாகப்பாவின் வீட்டுக்குள் துப்பாக்கிகளோடு ஆட்கள் நுழைந்தார்கள். பெங்களூரில் அதே கிருஷ்ணா முதல்வர். சென்னையில் இப்போது ஜெயலலிதா. காட்டிலிருந்து மீண்டும் கேசட் வந்தது.

(தொடரும்)